லீவெடுத்த காதை

மும்பைத் தமிழனின் வரலாற்றை நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். 1896இல் பிளேக் வந்தது, அதன் பிறகு இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வந்தது, மாதுங்கா வந்தது, அதன் பின்னால் இட்லி வந்தது என்பது வரைக்கும் பதிவாகிவிட்டது. அவன் எப்போது, எதற்காக, எத்தனை நாள் லீவு எடுத்தான் என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எழுத உட்காருவதற்கு லீவு கிடைத்திருக்காது என்பது என் ஊகம். எனக்கு ஒருமுறை கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்தக் காதை.

தமிழில் வரலாறு என்றால் மூன்று சங்கத்தில் ஆரம்பிப்பது மரபு. முதற்சங்கம் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850 என்று இறையனார் களவியல் உரை துல்லியமாகக் கணக்குச் சொல்கிறது. இவ்வளவு நம்பிக்கையோடு எண்களை எழுதினவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் பராமரித்தவராக இருக்க வேண்டும். முதல் இரண்டு சங்கத்தின் நூல்களையும் கடல் கொண்டுபோயிற்று. எங்கள் குடும்பத்தின் லீவு வரலாற்றுக்கும் மூன்று சங்கம் உண்டு, கடல்கோளும் உண்டு. ஒவ்வொரு டிசம்பர் 31 நள்ளிரவும் அது வரும். எடுக்காமல் விட்ட கேஷுவல் லீவு அத்தனையையும் விழுங்கிவிட்டு, ஜனவரி 1 காலையில் ஒன்றும் தெரியாத மாதிரி அமைதியாக இருக்கும்.

முதற்சங்கம் தாராவியில் கூடியது. தலைமைப் புலவர் என் தாத்தா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1930களில் வந்து தோல் பட்டறையில் சேர்ந்தவர். அவர் காலத்து லீவு இலக்கியம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, இயற்றப்படவே இல்லை. போனால் கூலி, போகாவிட்டால் கூலி இல்லை, அவ்வளவுதான் இலக்கணம். சுதந்திரம் வந்து, 1948இல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவனுக்கு, இருபது நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்றது சட்டம். ஆனால் மின்சாரம் இல்லாத பட்டறை என்றால் இருபது பேராவது வேலை செய்ய வேண்டும், அப்போதுதான் அது தொழிற்சாலை என்றும் சொன்னது. தாத்தாவின் பட்டறையில் பத்தொன்பது பேர். இருபதாவதாக யார் வந்து கேட்டாலும் முதலாளி, ‘இடம் பத்தாதுப்பா’ என்று அனுப்பிவிடுவாராம். அந்த ஆள் சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்திருக்கிறார். தொல்காப்பியத்துக்கு உரை எழுத அனுப்பியிருக்கலாம்.

தாத்தாவுக்கு ஊருக்குப் போக ஒரே வழி, தந்தி. ‘அம்மா சீரியஸ், உடனே புறப்படு’ என்று ஊரிலிருந்து வரும். மெட்ராஸ் மெயில் பிடித்து, மெட்ராஸில் வண்டி மாறி, ஊர் போய்ச் சேரும்போது அந்தக் கிழவி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாளாம். மூன்று கோயில் கொடைக்கு மூன்று தந்தி வந்திருக்கிறது. நாலாவது தந்தி நிஜமாகவே வந்தபோது முதலாளி சிரித்துக்கொண்டே, ‘இந்த வருஷம் கொடை சீக்கிரமா?’ என்று கேட்டாராம். தாத்தா அதை என் அப்பாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மேலே போகலாம்.

இடைச்சங்கம் என் அப்பா. 1962இல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தர். டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர். லீவு விஷயத்தில் எங்கள் குலத்துக்குக் கிடைத்த கபாடபுரம் அதுதான். கேஷுவல் லீவு, ஈட்டிய விடுப்பு, அரைச்சம்பள விடுப்பு, லீவு டிராவல் கன்செஷன் என்று வகைவகையாக, எட்டுத்தொகை பத்துப்பாட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. பொன்னை லாக்கரில் வைப்பது போல வைத்தார்.

காரணம் இருந்தது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. மதராசிகள்தான் குமாஸ்தா நாற்காலிகளையெல்லாம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார்கள். அதைக் கேட்ட என் அப்பாவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ‘எந்திரிச்சா இன்னொருத்தன் உக்காந்துருவாம்ல’ என்பார். 39 வருஷம் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பெயர் வைத்த அன்றைக்குக் கூட அரை நாள்தான். மீதி அரை நாளில் யாருடைய பெயரையோ டைப் அடித்தார்.

காத்திருக்கும் கலையில் இடைச்சங்கத்தாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள். கேஸ் இணைப்புக்குக் காத்திருந்தவர்கள். எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி ஒன்பது வருஷம் கழித்து வந்தது. வந்த அன்று அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார், டயல் டோன் கேட்டார், கீழே வைத்தார். யாரைக் கூப்பிடலாம் என்று நினைத்து ஒன்பது வருஷம் முன்னால் எழுதிக் கொடுத்தாரோ, அந்தப் பெரியப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

2001இல் ஓய்வு பெற்றார். சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பில் 300 நாள் வரைக்கும் காசாக வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. அப்பாவின் கணக்கில் சரியாக 300 இருந்தது. அந்தப் பணத்தில் செம்பூர் வீட்டுக்கு மார்பிள் சிப்ஸ் போட்டது போக மிஞ்சியதில், லாமிங்டன் ரோட்டுக்கு என்னைக் கூட்டிப்போய், பாகம் பாகமாகப் பொறுக்கி ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். எனக்குப் பதினாறு வயது. ‘படிக்கதுக்குல’ என்றார். ஆமாம் என்றேன். இரண்டு வருஷத்துக்குள் அந்தக் கம்ப்யூட்டரில் நான் ‘வைஸ் சிட்டி’ விளையாட்டில் எந்தத் தெருவில் எந்தக் காரைத் திருடினால் போலீஸ் சீக்கிரம் வராது என்பதைக் கரைத்துக் குடித்திருந்தேன். ஒருவர் 39 வருஷம் எடுக்காமல் விட்ட லீவு அப்படித்தான் செலவாயிற்று.

இனி கடைச்சங்கம்.

என் தலைமுறை சோம்பேறித்தனத்தைச் சட்டபூர்வமாக்கிக்கொண்டது. மகாராஷ்டிரக் கடைகள் நிறுவனங்கள் சட்டம் 2017இல் புதிதாக வந்தபோது வருஷத்துக்கு எட்டு நாள் கேஷுவல் லீவை எழுத்திலேயே கொடுத்துவிட்டது. கொடுத்ததை எதற்காகச் செலவழிப்பது என்று தெரியாத மும்பைத் தமிழர்களுக்கு ரஜினிகாந்த் வழிகாட்டினார். மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் அரோரா தியேட்டர் வாசலில் விடியற்காலைக் காட்சிக்கு மேளம், கட் அவுட், பால். அன்றைக்கு நகரத்தின் பல அலுவலகங்களில் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வரும். 2016 ஜூலை 22இல் ‘கபாலி’ வந்தபோது சென்னையில் ஒரு நிறுவனம் லீவு விண்ணப்பங்களைப் படித்து மாளாது என்று எல்லாருக்குமே விடுமுறை விட்டுவிட்டது. டிக்கெட்டும் கொடுத்தது. நிர்வாகவியலில் இதைவிட நேர்மையான சுற்றறிக்கையை நான் பார்த்ததில்லை.

நாயகர் தேதி தவறுவதும் உண்டு. ‘கோச்சடையான்’ 2014 மே 9 என்றார்கள், மே 23இல் வந்தது. வந்த பிறகு பார்த்தவர்கள், ‘வீடியோ கேம் மாதிரி இருக்கே’ என்றார்கள். தள்ளிப்போன வீடியோ கேமுக்கு லீவெடுத்த முதல் தமிழர்கள் அவர்கள்தான் என்று கல்வெட்டில் பொறிக்கலாம்.

தாராவிக்காரர்களான எங்களுக்குச் சொந்த விஷயம் ‘காலா’. பா. ரஞ்சித் இயக்கம், தாராவித் தமிழரின் கதை. 2018 ஏப்ரல் 27 வெள்ளிக்கிழமை என்று தேதி சொன்னார்கள். 90 அடி ரோட்டில் என் சித்தப்பா மகன் தேதி சொன்ன உடனேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். அதற்குள் தமிழ்த் திரையுலகம் டிஜிட்டல் ஒளிபரப்புக் கட்டணத்தை எதிர்த்து மார்ச் 1 முதல் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தது. அவர்கள் வேலைக்குப் போகாததால், வேலைக்குப் போகாமலிருக்க இவன் போட்ட திட்டம் கெட்டது. இந்த நுட்பத்தை அவனுக்கு விளக்கப் போய் அடி வாங்கினேன். படம் ஜூன் 7 வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு மழைவேறு. குடை பிடித்துக்கொண்டு பாலாபிஷேகம் செய்வதில் உள்ள சிரமம், செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பால் எது, பருவமழை எது என்று பிரிக்க அன்னப்பறவைதான் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ‘நாயக’னுக்காக 1980களில் சென்னையில் ஒரு தாராவி கட்டினார்கள். ‘காலா’வுக்காகச் சென்னைக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு தாராவி கட்டினார்கள். ஆக, தாராவியை இரண்டு முறை வெற்றிகரமாகக் கட்டி முடித்திருக்கிறார்கள், இரண்டும் தமிழ்நாட்டில். அசல் தாராவியின் மறுசீரமைப்புத் திட்டம் 2004இல் அறிவிக்கப்பட்டது. டெண்டர் விடுவார்கள், ரத்து செய்வார்கள், மறுபடி விடுவார்கள். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்கு ஏலம் கேட்டு ஜெயித்தது. டிரெய்லரைப் பார்த்த குழந்தைக்குக் கல்யாணமாகிவிட்டது, படம் இன்னும் வரவில்லை. தேதி தள்ளிப்போவதைப் பற்றி எங்களுக்கு வார்சாவில் இருப்பவர்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எடுத்தார்கள்.

போலந்து நாட்டின் வார்சாவில் இருக்கும் சிடி புராஜெக்ட் ரெட் என்ற நிறுவனம் ‘சைபர்பங்க் 2077’ என்ற விளையாட்டை 2012 மே மாதம் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் ஒரு துண்டுப் படம். எப்போது வரும்? தயாரானதும் வரும். மும்பையில் வீடு புக் செய்தவனுக்கு இந்த வாக்கியம் மிகப் பரிச்சயம். 2019 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையில் கியானு ரீவ்ஸ் நேரில் தோன்றி, 2020 ஏப்ரல் 16 என்றார். நாயகரே வந்து தேதி சொன்ன பிறகு மாற்றமா? மாறியது. ஜனவரியில், ‘செப்டம்பர் 17’ என்றார்கள். ஜூனில், ‘நவம்பர் 19’ என்றார்கள். அக்டோபர் 5ஆம் தேதி, ஆட்டம் ‘கோல்ட்’ ஆகிவிட்டது என்று செய்தி. கேம் உலகத்தில் அப்படிச் சொன்னால் மூலப்பிரதி தயார், தட்டு அச்சுக்குப் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று அர்த்தம். வீட்டில் கத்திக்கொண்டே ஓடினேன்: ‘அப்பா, கோல்ட் ஆயிட்டு!’

‘பவுனு என்ன வெலயாம்?’ என்றார்.

அன்றிரவு நான் செய்த லீவுக் கணக்குதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த படைப்பு. நவம்பர் 19 வியாழன், 20 வெள்ளி. பிறகு சனி ஞாயிறு. 23 முதல் 27 வரை ஐந்து நாள். மறுபடி சனி ஞாயிறு. 30ஆம் தேதி திங்கள் குருநானக் ஜெயந்தி. ஏழு நாள் லீவு கொடுத்தால் பன்னிரண்டு நாள் வரும். அப்பாவிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை சரிபார்த்தார். 39 வருஷ அனுபவம் கொண்ட கண்கள் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். ‘ஏழு குடுத்துப் பன்னெண்டு வாங்கிருக்கியே! நீ எம்புள்ளதாம்ல’ என்றார். பத்தாம் வகுப்பில் மார்க் ஷீட்டைக் காட்டியபோது இதைச் சொல்லவில்லை.

அது எந்த வருஷம் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 2020. மார்ச் 22 முதல் லோக்கல் ரயில் நின்றுபோய், பிறகு அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓடியது. நான் அத்தியாவசியம் அல்ல என்று அரசாங்கமே அறிவித்த பிறகு, ஐரோலியில் இருந்த என் அலுவலகம் செம்பூர் வீட்டின் பின்னறைக்குக் குடிவந்துவிட்டது. ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே திரை. அந்த நாற்காலியில் உட்கார்வதிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு, அதே நாற்காலியில் உட்காரப் போகிறேன். அம்மாவுக்கு இது கடைசி வரை விளங்கவில்லை. ‘லீவுன்னா எங்கயாச்சும் போகணும்லா?’ என்றாள். நைட் சிட்டிக்குப் போகிறேன், 2077ஆம் வருஷத்துக்கு என்றேன். ‘மாஸ்க் போட்டுட்டுப் போ’ என்றாள்.

அக்டோபர் 12 காலை பத்து மணிக்கு மும்பை முழுவதும் மின்சாரம் போயிற்று. ரயில் நின்றது, சிக்னல் நின்றது, பங்குச் சந்தைத் தரகர்கள் வியர்த்தார்கள். மணிமேகலைக் காலத்தில் இருந்திருந்தால் பூதம் வந்து எச்சரித்தது என்று எழுதியிருப்பார்கள். எனக்கு உறைக்கவில்லை. நான் யூபிஎஸ்ஸுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 26ஆம் தேதி, முகமறியாத ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, எங்கள் இனம்தான், ட்விட்டரில் அந்த நிறுவனத்தைக் கேட்டார்: அலுவலகத்தில் லீவு சொல்லப் போகிறேன், நூறு சதவீதம் உறுதியா? அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து பதில் வந்தது: முழுக்க முழுக்க உறுதி. மறுநாள், அக்டோபர் 27, மஞ்சள் பின்னணியில் கறுப்பெழுத்தில் அறிக்கை வெளியானது. 21 நாள் தள்ளிவைப்பு. டிசம்பர் 10. பழைய கன்சோல், புதிய கன்சோல், கம்ப்யூட்டர் என்று ஒன்பது வடிவங்களை ஒரே நேரத்தில் சரிசெய்ய வேண்டியிருக்கிறதாம். அந்த ட்விட்டர் கணக்கைக் கையாண்டவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அங்கே வேலை செய்தவர்களுக்கே நமக்குத் தெரிந்த அதே நேரத்தில்தான் விஷயம் தெரிந்ததாம். எங்கள் சொசைட்டியில் தண்ணீர் வராது என்ற செய்தியும் வாட்ச்மேனுக்குக் கடைசியில்தான் தெரியும்.

அந்த இரவில் உலகம் முழுக்க லீவெடுத்தவர்களின் ஒப்பாரி கேட்டது. வெள்ளைக்காரர்கள் தாங்க மாட்டாமல் அழுதார்கள், திட்டினார்கள். இருபத்தொரு நாளுக்கு! எங்கள் அப்பா படித்துவிட்டு, ‘இருவத்தியோரு நாள்னா சரியாத் தேதி வேற சொல்லுதானா? நல்ல பயலுவ’ என்றார்.

தப்பு என்னுடையது. கல்யாணத் தேதி வைக்குமுன் மண்டபம் கிடைக்கிறதா என்று பார்ப்பவன், இதில் மட்டும் வாய் வார்த்தையை நம்பினேன். மறுநாள் லீவை மாற்றப் போனேன். மேலாளர் குரலில் தேன் சொட்டியது. நவம்பர் லீவு ஒப்புதல் ஆகிவிட்டது, உங்கள் வேலையை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. டிசம்பரில் ஆண்டு இறுதி, யாருக்கும் லீவு கிடையாது. ‘நல்லா ரெஸ்ட் எடுங்க’ என்றார். நாற்காலியில் இன்னொருத்தன் உட்கார்ந்துவிட்டான்.

ஆகவே 2020 நவம்பர் 19 வியாழக்கிழமை காலை, வரலாற்றில் முதன்முறையாக, எங்கள் குலத்தில் ஒருவன் சம்பளத்தோடு, ஒப்புதலோடு, காரணமே இல்லாமல் வீட்டில் இருந்தான்.

எட்டு மணிக்கு அம்மா அரைத்து வரக் கோதுமை டப்பாவைக் கொடுத்தாள். பதினொன்றுக்குப் பரணையை ஒழித்தேன். அதில் அப்பாவின் ரெமிங்டன் ரிப்பன் டப்பா ஒன்று அகப்பட்டது, உள்ளே தைக்கிற ஊசிகள். மதியம் தூங்கினேன். எழுந்தபோது இன்னும் வியாழக்கிழமையாகவே இருந்தது. மீதம் பதினொரு நாள்.

மறுநாள் நிலைமை மாறியது. நவம்பர் 20 கந்த சஷ்டி. மகாராஷ்டிரத்தில் கோயில்களை 16ஆம் தேதிதான் திறந்திருந்தார்கள். செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அம்மா என்னைத் துணைக்கு இழுத்துப் போனாள். வரிசையில் ஆறடி இடைவெளி விட்டு நின்ற ஒவ்வொருவரிடமும், ‘சஷ்டிக்குன்னே ஆபீசுல லீவு போட்டிருக்கான்’ என்று சொல்லிக்கொண்டே போனாள். மாமிகள் என்னைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் டிவியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் நேரலை. வழக்கமாகக் கடற்கரையில் மண்ணைப் போட்டால் மண் விழாத கூட்டம். அந்த வருஷம் கொரோனாவால் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து விளக்கவுரை தந்தார். முதலில் யானை முகத்தோடு தாரகாசுரன் வருகிறான். முருகன் சப்பரம் சுற்றி வந்து வேலை நீட்டுகிறது, தலை போகிறது. ஆள் முடிந்தான் என்று நினைத்தால் சிங்கமுகம் வருகிறது. அதுவும் போகிறது. பிறகுதான் சூரபத்மன் சொந்த முகத்தோடு வருகிறான். அவனையும் குத்தினால் மாமரமாகிறான். மரத்தைப் பிளந்தால் சேவலாகிறான், மயிலாகிறான்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பாஸ். கடைசி பாஸுக்கு மூன்று வடிவம். ஒரே ஆயுதம், அம்மா கொடுத்தது, அப்கிரேடே தேவையில்லை. ஜெயித்தால் வாகனமும் கொடியும் பரிசு. ‘அப்பா, இது பக்கா வீடியோ கேம்!’ என்றேன்.

‘என்னைக்காச்சும் தள்ளி வச்சிருக்கானால?’ என்றார்.

மீதி நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானில் 1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை, ‘டிராகன் குவெஸ்ட் 3’ வெளிவந்தபோது கிட்டத்தட்ட 300 மாணவர்கள் பள்ளிக்குப் போகாமல் வரிசையில் நின்று போலீசில் மாட்டிக்கொண்டார்கள் என்பதை அந்த லீவில்தான் படித்தேன். அதற்கப்புறம் அதை வெளியிட்ட நிறுவனம் தானாகவே வார நாளில் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. சட்டமே போட்டார்கள் என்று பலர் சொல்வது கட்டுக்கதை. மும்பையில் இப்படி ஒரு வழக்கம் வந்தால் ரஜினி படங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வர வேண்டியிருக்கும். பிறகு வயிற்றுப்போக்குக்கு என்ன மரியாதை?

டிசம்பர் 10 வந்தது. கிரீன்விச்சில் நள்ளிரவு, இங்கே விடியற்காலை 5.30. அப்பா எழுந்து பால் பாக்கெட் எடுக்கும் நேரம், பக்கத்து வீட்டில் சுப்ரபாதம். நான் 2,999 ரூபாய் கட்டி, 70 ஜிபி இறக்கி வைத்துக் காத்திருந்தேன். திறந்தது. என் கிராபிக்ஸ் கார்டு அதற்கு ஏழெட்டு வருஷம் மூத்தது என்பதை யோசிக்காமல் விட்டதும் என் தவறுதான். நைட் சிட்டியின் நாயகன் ஒவ்வொரு அடியையும் கூட்ட நேரத்து லோக்கலில் இறங்குகிறவன் மாதிரி யோசித்து யோசித்து வைத்தான். ஒன்பது மணிக்கு மீட்டிங். காதில் மேலாளர், கண்ணில் கியானு ரீவ்ஸ். இருவரும் ஏதோ அவசரம் என்றார்கள். இருவருக்கும் தலையாட்டினேன்.

நல்ல கார்டு வைத்திருந்தவர்களுக்கும் நிம்மதியில்லை. பழைய கன்சோல்களில் ஆட்டம் பாதியில் நின்றது. நடுரோட்டில் மனிதர்கள் கையை விரித்துக்கொண்டு கண்திருஷ்டிப் பொம்மை மாதிரி நின்றார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறு வருஷம் ஜூன் 21இல்தான் மறுபடி அலமாரியில் வைத்தார்கள். ஆட்டம் உண்மையிலேயே சொன்னபடி ஆனது, 2023 செப்டம்பரில் 2.0 திருத்தம் வந்த பிறகு. முறைப்படி லீவு எடுத்திருக்க வேண்டிய மாதம் அதுதான். அப்போது என்னிடம் லீவு இருந்தது, ஆசை இல்லை. அந்த டிசம்பர் 31இல் கடல் மூன்று நாளைக் கொண்டுபோயிற்று.

இப்போது ஏன் இதையெல்லாம் தோண்டுகிறேன் என்றால், ‘வைஸ் சிட்டி’ திரும்பி வருகிறது. அப்பாவின் 300 நாளில் வாங்கின கம்ப்யூட்டரில் நான் கார் திருடின அதே ஊர், இந்த முறை ‘ஜிடிஏ 6’ என்ற பெயரில். முதலில், ‘2025’ என்றார்கள். பிறகு, ‘2026 மே 26’ என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் தள்ளி, இப்போது சொல்லியிருக்கும் தேதி 2026 நவம்பர் 19. ஆமாம், அதே நவம்பர் 19. அதே வியாழக்கிழமை.

அப்பாவுக்கு எண்பத்தைந்து ஆகிறது. புது வருஷக் காலண்டர் வந்த அன்றே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார். வியாழன், வெள்ளி, திங்கள். 24ஆம் தேதி செவ்வாய் குருநானக் ஜெயந்தி. மூன்று கொடுத்தால் ஆறு வரும். நவம்பர் தாளில் அந்த மூன்று கட்டங்களையும் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார், பென்சிலில். ரப்பரை நூலில் கட்டி அதே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.